இரண்டு ஏரி, ஒரே கணக்கு: வகைக்கெழுவின் நேரியல்பு

வகை நுண்கணிதத்தில் மாணவர்கள் முதலில் சந்திக்கும் விதிகளில் ஒன்று நேரியல்பு. இரண்டு அளவுகளின் கூட்டுத்தொகை எந்த வேகத்தில் மாறுகிறது என்று அறிய, ஒவ்வொன்றும் மாறும் வேகத்தைத் தனித்தனியே கண்டு கூட்டினால் போதும். ஓர் அளவை ஒரு மாறிலியால் பெருக்கினால், அது மாறும் வேகமும் அதே மாறிலியால் பெருகும். பாடநூலில் இது சில வரிகளில் முடிந்துவிடும். பெருக்கல் விதிக்கும் வகுத்தல் விதிக்கும் கிடைக்கும் கவனம் இதற்குக் கிடைப்பதில்லை. ஆனால் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகளின் அன்றாட நீர் இருப்புக் கணக்கு இந்த விதி இல்லாமல் ஒரு நாள்கூட நகராது. அந்த ஏரிகளில் சோழவரத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், விதி ஏன் உண்மை, எங்கே உதவும், எங்கே உதவாது என்ற மூன்றும் தெளிவாகிவிடும்.

சென்னையிலிருந்து கொல்கத்தா நெடுஞ்சாலையில் செங்குன்றத்தைத் தாண்டி, காரனோடைக்கு முன்னால் வருவது சோழவரம். இங்குள்ள ஏரி சென்னைக் குடிநீரோடு இணைந்தது 1872இல். வில்லியம் பிரேசர் என்ற பொறியாளர் வகுத்த திட்டப்படி, கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே தாமரைப்பாக்கத்தில் அணைக்கட்டு கட்டி, ஆற்று நீரைக் கால்வாய் வழியாகச் சோழவரம் ஏரிக்கும், அங்கிருந்து புழல் ஏரிக்கும் திருப்பினார்கள். புழலிலிருந்து நீர் கீழ்ப்பாக்கம் போனது. பிறகு 1944இல் பூண்டி நீர்த்தேக்கம் வந்தது. கண்டலேறு – பூண்டி கால்வாய் வழியாகக் கிருஷ்ணா நீர் 1996இல் முதன்முதலாகத் தமிழக எல்லைக்குள் நுழைந்தது. கும்மிடிப்பூண்டி வட்டத்தில் கண்ணன்கோட்டை – தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கம் 2020இல் திறக்கப்பட்டது.

இன்றைய கொள்ளளவுக் கணக்கு இது: பூண்டி 3,231 மில்லியன் கன அடி, சோழவரம் 1,081, புழல் 3,300, செம்பரம்பாக்கம் 3,645, தேர்வாய்கண்டிகை 500. மொத்தம் 11,757. நாளிதழ்களில் வரும் ஏரி நிலவரத்தில் இந்தக் கொள்ளளவோடு இன்னும் மூன்று எண்கள் இருக்கும்: நீர் இருப்பு, நீர்வரத்து, வெளியேற்றம். இருப்பு மில்லியன் கன அடியில் வரும். வரத்தும் வெளியேற்றமும் விநாடிக்கு இத்தனை கன அடி என்று வரும்.

இந்த எண்கள் இரண்டு வகை. ஏரியில் இப்போது எவ்வளவு நீர் இருக்கிறது என்பது ஓர் அளவு. அந்த அளவு இந்தக் கணத்தில் எவ்வளவு விரைவாகக் கூடுகிறது அல்லது குறைகிறது என்பது இன்னோர் அளவு. முதலாவது காலத்தின் சார்பு. இரண்டாவது அந்தச் சார்பின் வகைக்கெழு. வரத்திலிருந்து வெளியேற்றத்தைக் கழித்தால் (ஆவியாதலும் நிலத்தில் ஊறுவதும் வெளியேற்றத்தில் அடங்கும்) வகைக்கெழு கிடைத்துவிடும். நீர்மட்டத்தை நேற்றும் இன்றும் அளந்து பார்க்க வேண்டியதில்லை. மதகிலும் கால்வாயிலும் ஓடும் நீரை அளந்தாலே மாறும் வேகம் கைக்கு வருகிறது. நுண்கணிதத்தின் அடிப்படைக் கருத்து இவ்வளவு வெளிப்படையாகத் தெரியும் இடங்கள் குறைவு.

சோழவரம் ஏரியின் நீர் இருப்பை சோ என்றும், புழலின் இருப்பை பு என்றும் குறிப்போம். அவற்றின் வகைக்கெழுக்கள் சோ′, பு′. விதி சொல்வது:

(சோ + பு)′ = சோ′ + பு′

மாறிலி மா எதுவாக இருந்தாலும்,

(மா × சோ)′ = மா × சோ′

எண்களை வைத்துப் பார்க்கலாம். இவை விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. சோழவரத்துக்கு விநாடிக்கு 150 கன அடி நீர் வருகிறது. அங்கிருந்து புழலுக்கு 120 கன அடி திறந்துவிடப்படுகிறது. சோழவரம் விநாடிக்கு 30 கன அடி வீதம் கூடுகிறது. புழலுக்குச் சோழவரத்திலிருந்து அந்த 120, பூண்டிப் பக்கமிருந்து 180, ஆக 300 கன அடி வருகிறது. நகரத்துக்கு 210 எடுக்கப்படுகிறது. புழல் 90 வீதம் கூடுகிறது. இரண்டு வேகங்களையும் கூட்டினால் 120.

இனி இரண்டு ஏரிகளையும் ஒரே ஏரியாகக் கொள்வோம். அப்போது சோழவரத்திலிருந்து புழலுக்குப் போகும் நீர் உள்ளுக்குள்ளேயே இடம் மாறும் நீர்; கணக்கில் வராது. வெளியிலிருந்து வருவது 150ம் 180ம் சேர்ந்து 330. வெளியே போவது 210. மிச்சம் 120. விடை அதேதான். கூட்டிய பின் வேகம் பார்த்தாலும், வேகம் பார்த்த பின் கூட்டினாலும் விடை மாறாது. அந்த 120 கன அடிப் பரிமாற்றம் சோழவரத்தின் கணக்கில் கழித்தலாகவும் புழலின் கணக்கில் கூட்டலாகவும் வந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது.

இந்த ஒத்துப்போதலுக்கு நடைமுறைப் பயன் உண்டு. சோழவரம் மதகில் 120 என்று அளந்த நீர், புழலில் விழும் இடத்தில் 110 என்று அளவானால் இரண்டு வழிக் கணக்கும் பொருந்தாது. தனித்தனி வேகங்களின் கூட்டுத்தொகை 110 என்று வரும். வெளி வரத்து, வெளிச் செலவு மட்டும் பார்க்கும் கணக்கு 120 என்று சொல்லும். விதி தவறுவதே இல்லை என்பதால், அந்த 10 கன அடி வழியில் எங்கோ போயிருக்க வேண்டும், அல்லது அளவையில் பிழை இருக்க வேண்டும். கால்வாய்க் கசிவைத் தேடுகிறவருக்கு இது முதல் தடயம்.

விதி ஏன் தவறுவதில்லை? வகைக்கெழு எப்படிப் பிறக்கிறது என்று பார்த்தால் போதும். ஒரு குறுகிய கால இடைவெளியில் ஓர் அளவு எவ்வளவு மாறியது என்று கண்டு, அதை அந்த இடைவெளியால் வகுத்தால் சராசரி வேகம். இடைவெளியைச் சுருக்கிக்கொண்டே போகும்போது அந்தச் சராசரி எந்த எண்ணை நெருங்குகிறதோ அதுவே வகைக்கெழு. இரண்டு ஏரிகளின் மொத்த இருப்பில் ஏற்பட்ட மாற்றம் என்பது, சோழவரத்தில் ஏற்பட்ட மாற்றமும் புழலில் ஏற்பட்ட மாற்றமும் சேர்ந்ததே. இடைவெளியை இ என்றும் நேரத்தை கா என்றும் கொண்டால்:

[சோ(கா+இ) + பு(கா+இ) − சோ(கா) − பு(கா)] ÷ இ
= [சோ(கா+இ) − சோ(கா)] ÷ இ + [பு(கா+இ) − பு(கா)] ÷ இ

இது வெறும் கூட்டல் கழித்தலை இடம் மாற்றி எழுதியதுதான். ஒரே எண்ணால் வகுப்பதால் பின்னத்தை இரண்டாகப் பிரிக்க முடிகிறது. இனி எல்லைக்குப் போக வேண்டியதுதான். முதல் பகுதி ஓர் எண்ணையும் இரண்டாம் பகுதி இன்னோர் எண்ணையும் நெருங்குமானால், அவற்றின் கூட்டுத்தொகை அந்த இரு எண்களின் கூட்டுத்தொகையை நெருங்கும். நிறுவல் முடிந்தது. மாறிலிக்கான விதியும் இப்படித்தான்: மேலே உள்ள வித்தியாசத்திலிருந்து மாவைப் பொதுக் காரணியாக வெளியே எடுத்துவிடலாம்.

இரண்டுக்கு உண்மையானது மூன்றுக்கும் உண்மை. முதல் இரண்டை ஒன்றாகக் கொண்டு மூன்றாவதைச் சேர்த்தால் போதும். அதே வழியில் நான்கு, ஐந்து என்று எத்தனை வரை வேண்டுமானாலும் போகலாம். 2020இல் தேர்வாய்கண்டிகை சேர்ந்தபோது அட்டவணையில் ஒரு வரி கூடியது. கணக்குப் போடும் முறையில் எதுவும் மாறவில்லை. கழித்தலுக்குத் தனி விதி தேவையில்லை. −1 என்ற மாறிலியால் பெருக்கிக் கூட்டுவதுதான் கழித்தல்.

மாறிலி விதி பார்வைக்குச் சாதாரணமானது. ஆனால் அலகு மாற்றும்போதெல்லாம் அதைத்தான் பயன்படுத்துகிறோம். ஒரு நாளில் 86,400 விநாடிகள். விநாடிக்கு 1 கன அடி என்ற ஓட்டம் ஒரு நாள் முழுக்க நீடித்தால் 86,400 கன அடி, அதாவது 0.0864 மில்லியன் கன அடி சேரும். மேலே கண்ட 120 கன அடி வேகம், நாளொன்றுக்கு 10.368 மில்லியன் கன அடி. சோழவரத்தின் 30ஐத் தனியே மாற்றினால் 2.592, புழலின் 90ஐ மாற்றினால் 7.776, கூட்டினால் அதே 10.368. ஒரு மில்லியன் கன அடி ஏறத்தாழ 2.83 கோடி லிட்டர். புழலில் உள்ள சுத்திகரிப்பு நிலையத்தின் திறன் நாளொன்றுக்கு 30 கோடி லிட்டர். அந்த நிலையம் முழுத் திறனில் ஓடினால் ஏரி இருப்பு நாளொன்றுக்குச் சுமார் 10.6 மில்லியன் கன அடி வீதம் குறையும். விநாடிக்கு ஏறத்தாழ 123 கன அடி. எந்த அலகில் எழுதினாலும் நடப்பது ஒன்றே என்பதற்கு உறுதி தருவது இந்த எளிய விதி.

விழுக்காட்டில் மட்டும் கவனம் தேவை. ஏரி இத்தனை விழுக்காடு நிரம்பியுள்ளது என்று செய்தியில் வரும்போது, பலரும் விழுக்காடுகளைச் சராசரி எடுத்துவிடுவார்கள். சோழவரம் நாளொன்றுக்கு 4 விழுக்காட்டுப் புள்ளி ஏறுகிறது, புழல் அசையாமல் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் சேர்ந்து நாளொன்றுக்கு 2 புள்ளி ஏறுவதாகத் தோன்றும். உண்மை அது அல்ல. சோழவரத்தின் 4 விழுக்காடு என்பது 43.24 மில்லியன் கன அடி. இரண்டு ஏரிகளின் சேர்ந்த கொள்ளளவு 4,381. ஆக மொத்தம் ஏறுவது நாளொன்றுக்கு ஒரு புள்ளிக்கும் சற்றுக் குறைவு, 0.99. விதி இங்கேயும் பொருந்துகிறது. ஆனால் ஒவ்வொரு ஏரியின் விழுக்காட்டு வேகத்தையும் அதன் கொள்ளளவுப் பங்கால் பெருக்கிய பிறகே கூட்ட வேண்டும். சோழவரத்தின் பங்கு சுமார் 0.247, புழலின் பங்கு சுமார் 0.753. மாறிலிகளால் பெருக்கிக் கூட்டிய இத்தகைய தொகையை நேரியல் சேர்க்கை என்பார்கள். நேரியல்பு விதியின் இரண்டு பாதிகளும் ஒன்றாக வேலை செய்வது இதில்தான்.

மாறாத அளவின் வகைக்கெழு சுழி. எனவே ஒரு சார்போடு மாறிலியைக் கூட்டினால் வகைக்கெழு மாறாது. 2019 ஜூனில் சென்னையின் நான்கு பெரிய ஏரிகளும் அநேகமாக வறண்டுபோயின. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. குறைய இனி எதுவும் இல்லாத ஏரியின் மாறும் வேகமும் சுழி. வரும் நீரெல்லாம் அப்படியே உபரியாக வெளியேறும் நிறைந்த ஏரியின் வேகமும் சுழி. வகைக்கெழுவை மட்டும் பார்க்கிறவருக்கு இவ்விரண்டும் ஒன்றாகவே தெரியும். வேகத்தின் பட்டியல் மட்டும் போதாது, இருப்பின் பட்டியலும் வேண்டும் என்பதற்கு இதைவிடக் கடுமையான சான்று தேவையில்லை.

இதே உண்மை கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓடும் எந்தப் பட்டறைக்கும் பயன்படும். மொத்தச் செலவு என்பது மாறாச் செலவும் மாறும் செலவும் சேர்ந்தது. கூடுதலாக ஒரு பொருள் செய்ய ஆகும் செலவை, அதாவது இறுதிநிலைச் செலவை, கணக்கிட மொத்தச் செலவை உற்பத்தி அளவைப் பொறுத்து வகையிட வேண்டும். கூட்டல் விதிப்படி இரு பகுதிகளையும் தனியே வகையிடலாம். இட வாடகை போன்ற மாறாச் செலவின் பகுதி சுழியாகிவிடும். வாடகை உயர்ந்தால் லாபம் குறையும். ஆனால் இன்னொரு பொருள் செய்வதா வேண்டாமா என்ற முடிவுக்கு அந்த வாடகை உயர்வு எதையும் சொல்வதில்லை.

பாடநூல் கணக்குகளில் நேரியல்பு செய்யும் பெரிய உதவி, பல்லுறுப்புக் கோவைகளை உடைத்துத் தருவது. 3கா² + 5கா + 7 என்ற கோவையை முழுதாக வகையிட எல்லைக் கணக்கு போட வேண்டியதில்லை. கா²இன் வகைக்கெழு 2கா, காவின் வகைக்கெழு 1, மாறிலியினுடையது சுழி என்று தெரிந்தால், விடை 6கா + 5. அடுக்குகளின் வகைக்கெழுவை ஒரு முறை கண்டுவிட்டால், முடிவில்லாத எண்ணிக்கையிலான கோவைகளின் வகைக்கெழு கையில் வந்துவிடுகிறது. மனப்பாடம் செய்ய வேண்டிய வாய்பாடுகள் ஒரு பக்கத்தில் அடங்குவது இதனால்தான்.

விதியின் எல்லை எங்கே என்று அறிவதும் அதே அளவு முக்கியம். ஏரி நிலவரத்தில் அடிக்கணக்கில் நீர்மட்டமும் வரும். சோழவரத்தின் முழு உயரம் 18.86 அடி. நீர்மட்டத்துக்கும் நீர் இருப்புக்கும் இடையே நேர்விகிதம் கிடையாது. ஏரியின் கரை சரிவாக இருப்பதால் மட்டம் ஏற ஏற நீர்ப்பரப்பும் விரியும். நீர் இருப்பு ஆழத்தின் வர்க்கத்தைப் போல மூன்று மடங்கு என்று ஓர் எளிய வாய்பாட்டை விளக்கத்துக்காக எடுத்துக்கொள்வோம். உண்மையான கணக்கு, ஏரியை அளந்து தயாரித்த அட்டவணையிலிருந்து வருவது. இந்த வாய்பாட்டின்படி 5 அடி ஆழத்தில் மட்டம் ஓர் அடிக்கு 30 மில்லியன் கன அடி என்ற வீதத்தில் நீர் சேரும். 15 அடியில் அந்த வீதம் 90. மட்டம் ஒரே வேகத்தில் ஏறினாலும், இருப்பு ஏறும் வேகம் மும்மடங்காகிவிட்டது. இங்கே மட்டத்தின் வேகத்தை ஒரு மாறிலியால் பெருக்கினால் போதாது. அந்தந்த ஆழத்தின் பரப்பால் பெருக்க வேண்டும். அது சங்கிலி விதியின் வேலை. சோழவரத்தின் மட்டம் ஏறும் வேகத்தையும் புழலின் மட்டம் ஏறும் வேகத்தையும் கூட்டுவதில் பொருள் ஏதும் இல்லை என்பதும் இதனால் விளங்கும்.

பெருக்கலிலும் இப்படித்தான். கூட்டலுக்கு இவ்வளவு எளிதாக அமைந்த விதி பெருக்கலுக்கும் அமையும் என்று எண்ணுவது இயல்பு. நுண்கணிதத்தைக் கண்டவர்களில் ஒருவரான லைப்னிட்ஸே 1675 நவம்பரில் எழுதிய குறிப்புகளில், இரு அளவுகளின் பெருக்கற்பலனின் வகைக்கெழு அவற்றின் வகைக்கெழுக்களின் பெருக்கற்பலன்தானா என்று ஆராய்ந்து, அல்ல என்று கண்டார். ஒரு செவ்வகத்தின் நீளமும் அகலமும் ஒரே நேரத்தில் வளர்ந்தால், பரப்பு இரண்டு பக்கமும் விரியும்: நீளத்தின் வேகம் அகலத்தால் பெருகி ஒரு பங்கு, அகலத்தின் வேகம் நீளத்தால் பெருகி இன்னொரு பங்கு. 1684இல் 'ஆக்டா எருடிட்டோரம்' இதழில் அவர் நுண்கணித விதிகளை அச்சிட்டபோது கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் ஆகிய நான்குக்கும் விதிகள் இருந்தன. அவற்றில் பகுதிகளைக் கலக்காமல் தனித்தனியே விட்டுவைப்பவை கூட்டலும் கழித்தலும் மட்டுமே.

கூட்டல் விதியிலேயே ஒரு நிபந்தனை இருக்கிறது. பகுதிகள் ஒவ்வொன்றுக்கும் அந்தக் கணத்தில் வகைக்கெழு இருந்தால், மொத்தத்துக்கும் இருக்கும். இதைத் தலைகீழாகச் சொல்ல முடியாது. சோழவரம் மதகு இதுவரை மூடியிருந்து, சரியாகக் காலை 6 மணிக்குத் திறக்கப்படுகிறது என்று கொள்வோம். 6 மணிக்கு முன் சோழவரம் 150 வீதம் ஏறிக்கொண்டிருந்தது. அதன் பின் 30. இருப்பின் வரைபடத்தில் 6 மணியில் ஒரு முறிவு விழும். அந்தக் கணத்தில் இடப்பக்கத்து வேகம் 150, வலப்பக்கத்து வேகம் 30. பொதுவான வகைக்கெழு என்று ஒன்று இல்லை. புழலின் வரைபடத்திலும் அதே கணத்தில் எதிர்த் திசையில் ஒரு முறிவு: 180 வந்து 210 போய்க்கொண்டிருந்ததால் முன்பு −30, பிறகு +90. (கால்வாயில் நீர் ஓடிச் சேரும் நேரத்தை இங்கே விட்டுவிடுகிறோம்.) ஆனால் மொத்தம்? முன்பு 150 − 30 = 120; பின்பு 30 + 90 = 120. இரண்டு முறிவுகளும் ஒன்றையொன்று நிரவிவிட, மொத்த வரைபடம் ஒரே நேர்கோடாகச் செல்கிறது. பகுதிகளுக்கு வகைக்கெழு இல்லாத கணத்தில் மொத்தத்துக்கு வகைக்கெழு இருக்கிறது. மொத்த இருப்பு மட்டும் தெரிந்தவருக்கு மதகு திறந்ததே தெரியாது.

இன்னொரு வரம்பு எண்ணிக்கையைப் பற்றியது. ஐந்து ஏரியானாலும் ஐந்நூறு ஏரியானாலும் விதி பொருந்தும். முடிவிலா எண்ணிக்கையில் சேர்த்தால் பொருந்த வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பிரேசரின் திட்டத்தில் சோழவரத்துக்கு ஆற்று நீர் வந்த அதே 1872இல், பெர்லின் அறிவியல் கழகத்தில் கார்ல் வையர்ஸ்ட்ராஸ் ஒரு சார்பை எடுத்துக்காட்டினார். கொசைன் அலைகளை முடிவில்லாமல் கூட்டிப் பெற்றது அது. ஒவ்வோர் அலையும் வழுவழுப்பானது, எங்கும் வகையிடத்தக்கது. கூட்டுத்தொகையோ எங்கும் அறுபடாமல் தொடர்ந்து சென்றும், ஒரு புள்ளியில்கூட வகைக்கெழு இல்லாதது. அலைகள் மேலும் மேலும் நெருக்கமாக அதிர்வதால், தனித்தனி வேகங்களைக் கூட்டிக்கொண்டே போனால் அந்தத் தொகை பொதுவாக எந்த எண்ணிலும் நிலைகொள்வதில்லை. முடிவிலாத் தொடர்களை உறுப்பு உறுப்பாக வகையிடக் கூடுதல் நிபந்தனைகள் வேண்டும். வகைக்கெழுக்களின் தொடர் சீராக ஒருங்க வேண்டும் என்பது அவற்றில் முதன்மையானது.

எதிர்த் திசையிலும், அதாவது தொகையிடலிலும், நேரியல்பு உண்டு. வேகங்கள் தெரிந்து இருப்பைக் காண வேண்டும் என்றால், ஒவ்வொரு வேகத்தையும் தனியே தொகையிட்டுக் கூட்டலாம். அக்டோபர் முதல் நாளின் இருப்பும், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பதிவான தினசரி வரத்தும் வெளியேற்றமும் இருந்தால், டிசம்பர் கடைசியில் சோழவரத்தில் எவ்வளவு நீர் இருக்கும் என்று கணக்கிட்டுவிடலாம். வரத்தைத் தனியாகவும், புழலுக்கு அனுப்பியதைத் தனியாகவும், ஆவியானதைத் தனியாகவும் மூன்று பேர் மூன்று தாளில் கூட்டி வந்தாலும் கடைசியில் சேரும் விடை ஒன்றே. தொடக்க இருப்பை மட்டும் அந்த மூன்று தாள்களாலும் தர முடியாது. அதை ஏரியில் நிற்கும் அளவுகோலைப் பார்த்தே எழுத வேண்டும்.